கணக்கில் 94 எடுத்தவள் கணக்கே பிடிக்காது என்கிறாள், எந்த குரூப்பில் சேர்க்கலாம்?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பெரிய மகள் இந்த வருடம் பத்தாவது முடித்தாள். மொத்தம் 458. தமிழ் 93, ஆங்கிலம் 84, கணக்கு 94, அறிவியல் 89, சமூக அறிவியல் 98. ரிசல்ட் வந்த அன்றைக்கே மச்சான், சித்தப்பா, எதிர்க்கடைக்காரர் என்று ஆளாளுக்கு ஃபர்ஸ்ட் குரூப் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இவள் மட்டும் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, எனக்குக் கணக்கு பிடிக்காது, வரலாறு இருக்கிற குரூப்பில்தான் சேருவேன் என்கிறாள்.

எனக்கு இது சுத்தமாகப் புரியவில்லை. நான் பத்தாவதில் கணக்கில் 31 எடுத்து ஃபெயில் ஆனவன். எனக்குக் கணக்கு பிடிக்காது என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. 94 எடுத்தவளுக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்? இத்தனைக்கும் என் பிழைப்பே இப்போது கணக்குதான். 3 கிலோ 200 கொலுசு, 70 டச் என்றால் சுத்த வெள்ளி 2 கிலோ 240 என்று ஊதுகுழலைக் கீழே வைக்காமலே சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் அதையே சதவீதக் கணக்கு என்று கரும்பலகையில் எழுதியபோது கை நடுங்கியது.

வெள்ளிக்கிழமைக்குள் பள்ளியில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நான் கேட்பது இதுதான். உங்களுக்குப் பள்ளியில் எந்தப் பாடம் பிடித்தது, எது பிடிக்கவில்லை, பிடித்ததை எடுத்துப் படித்தீர்களா, இப்போது என்ன செய்கிறீர்கள்? பிள்ளை விருப்பத்துக்கு விடுங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள், அதை என் மனைவியிடம் சொல்லி நானே வாங்கிக் கட்டிக்கொண்டாகிவிட்டது. மகளுக்கு வயது 15.

குச்சிக்கிழங்கு:

அண்ணா, நான் ஆத்தூர் பக்கம். எனக்குப் பிடித்தது தமிழ். பிடிக்காதது இயற்பியல், அதிலும் ஒன்பதாவதில் பாய்மங்கள் என்று ஒரு பாடம் வரும் பாருங்கள், அது. ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை ஐந்து முறை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். எழுதினேன். ஒரு பொருள் பாய்மத்தில் மூழ்கும்போது அது இடப்பெயர்ச்சி செய்த பாய்மத்தின் எடைக்குச் சமமான மேல்நோக்கிய விசை என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அர்த்தம் மட்டும் தெரியாது.

எங்கள் வீட்டில் நாலு ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. சேலம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும், கிழங்குக்கு எடைக்கு மட்டும் விலை கிடையாது, பாயிண்டுக்கு விலை. பாயிண்ட் என்றால் மாவுச்சத்து எவ்வளவு என்பது. ஆலையில் கொஞ்சம் கிழங்கை எடுத்து எடை போட்டு, அப்புறம் அதையே கூடையோடு தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கவிட்டு இன்னொரு முறை எடை பார்ப்பார்கள். மாவு அதிகம் இருக்கிற கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனம் காட்டும், நீர்க்கிழங்கு லேசாகிவிடும். அதை வைத்துத்தான் பாயிண்ட்.

ஒரு வருடம் அப்பா 27 வரும் என்று நினைத்து லோடு ஏற்றினார், ஆலையில் 24 என்றார்கள். ஏன் என்று கேட்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அந்தக் கூடையின் அடி தொட்டியின் தரையில் லேசாக உட்கார்ந்துகொண்டிருந்தது அண்ணா. கண்ணால் பார்த்தேன். கூடை தரையில் உட்கார்ந்தால் தொட்டி கொஞ்சம் எடையைத் தாங்கிக்கொள்ளும், தராசு குறைவாகக் காட்டும், பாயிண்ட் விழும். இது எனக்கு உறைத்தது 22 வயதில், பைக்கில் வாழப்பாடி தாண்டி வந்துகொண்டிருக்கும்போது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். ஐந்து முறை எழுதிய பையனுக்கு மூன்று பாயிண்ட் பணம் கண் முன்னாலேயே போனது தெரியவில்லை.

அதனால் நான் சொல்வது, பிடிக்காது என்று பிள்ளை சொன்னால் பாடத்தைப் பற்றிச் சொல்கிறதா, அதை நடத்திய விதத்தைப் பற்றிச் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள். எந்த வகுப்பிலிருந்து பிடிக்காமல் போனது என்று கேளுங்கள். என் நண்பர்கள் எல்லோரும் போனார்கள் என்று நான் காமர்ஸ் குரூப் எடுத்தேன், உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே செல்வதை வரவு வை என்றபோது முதல் நாளே தலை சுற்றியது, பேங்க்காரன் நேர்மாறாகச் சொல்கிறானே என்று. ஆனால் அந்த சார் ஒரு டீக்கடைக் கணக்கை எடுத்துக்கொண்டு வந்து பால், சர்க்கரை, கடன் சொன்னவன் என்று போட்டுக் காட்டினார். பிடித்துவிட்டது. இப்போது மண்டியில் கணக்கு எழுதுவது நான்தான்.

பதினொன்னு பி:

அங்கிள், நான் இப்போது பிளஸ் ஒன் முடித்து பிளஸ் டூ போகிறேன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பிடித்த பாடம் பி.டி பீரியட். வாரத்துக்கு இரண்டு, அதில் ஒன்றைக் கணக்கு சார் கடன் வாங்கிக்கொள்வார், இன்றைக்கு வரைக்கும் திருப்பித் தந்ததில்லை.

சீரியஸாகச் சொன்னால் கம்ப்யூட்டர் பிடிக்கும் என்றுதான் எடுத்தேன், ஆனால் சி++ நிரலைக் கணினியில் அடித்ததைவிட நோட்டில் எழுதியதுதான் அதிகம். அரைப்புள்ளி விட்டுவிட்டால் கணினி பிழை காட்டும், மிஸ் மார்க் குறைப்பார். இதில் கணினியே மேல், அது யார் முன்னாலும் திட்டாது. வேதியியல் சுத்தமாக வராது. கரிம வேதியியல் வந்ததும் வகுப்பில் பாதிப் பேர் ஜன்னல் வழியாக ஏற்காடு மலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம், மழை நாளில் மேகம் இறங்குவது அவ்வளவு நன்றாக இருக்கும்.

ஒன்று கேட்கட்டுமா? அவள் கணக்கு டியூஷன் எத்தனை மணிக்குப் போனாள்? எனக்குக் காலை 5:30. டிசம்பர் மாதம் அந்த நேரத்தில் எழுப்பினால் எந்தப் பாடமும் பிடிக்காது. வரலாற்றுக்கு யாரும் டியூஷன் அனுப்புவதில்லை அங்கிள், அதனாலேயே அது பிடிக்கலாம்.

அஸ்தம்பட்டி டீச்சர்:

மேலே தம்பி டியூஷனைப் பற்றிச் சொன்னது என்னைத்தான் குத்துகிறது, நானும் காலையில் டியூஷன் எடுக்கிறவள்தான். இருக்கட்டும்.

//94 எடுத்தவளுக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்?//

தாராளமாகப் போகும். பத்தாவது கணக்குத் தாளை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். 14 ஒரு மதிப்பெண், 10 இரண்டு மதிப்பெண், 10 ஐந்து மதிப்பெண், கடைசியில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8. அந்த 16 மதிப்பெண்ணும் பென்சிலைக் கூர்மையாகச் சீவி, அளவுத்திட்டத்தை மறக்காமல் எழுதுகிற எந்தப் பிள்ளைக்கும் கிடைத்துவிடும். மீதியில் பெரும்பகுதி புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டும் பயிற்சியும். நான்கு முறை போட்டுப் பார்த்த பிள்ளை 90க்கு மேல் எடுக்கும். 94 உங்கள் மகளின் ஒழுங்கைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆசை இருக்கிறதா என்று அந்தத் தாள் கேட்பதே இல்லை.

பிளஸ் ஒன் கணக்கு வேறு ஊர். சார்பு, ஈருறுப்புத் தேற்றம், வெக்டர், எல்லை, வகையிடல், தொகையிடல் என்று இரண்டு தொகுதி. பத்தாவதில் 95, 97 எடுத்து வந்த பிள்ளைகள் முதல் பருவத் தேர்வில் 38 எடுத்துவிட்டு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பிடித்திருந்தால் அந்த 38ஐத் தாண்டி வந்துவிடுவார்கள். பிடிக்காமல், ஊர் சொன்னதற்காக வந்தவர்கள்தான் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

ஆனால் கணக்கு பிடிக்காது என்று சொல்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்மையில் கணக்கு பிடிக்காதா என்றால் அதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு சோதனை சொல்கிறேன், இதை நான் பல வருடமாகச் செய்கிறேன். தமிழில் அலகிடுதல், அதாவது குறளை அசை பிரித்து வாய்பாடு சொல்வது, பிடிக்குமா என்று கேளுங்கள். அகர என்பதை அக, ர என்று பிரித்தால் நிரை நேர், புளிமா. முதல, அதுவும் புளிமா. எழுத்தெல்லாம், நிரை நேர் நேர், புளிமாங்காய். ஆதி தேமா, பகவன் புளிமா, முதற்றே புளிமா, கடைசியில் உலகு, பிறப்பு. இதை ரசித்துச் செய்கிற பிள்ளைக்கு ஒழுங்கமைப்பைப் பார்க்கிற கண் இருக்கிறது, அதுதான் கணக்குக்கு வேண்டிய கண். அப்படி என்றால் அவளுக்குப் பிடிக்காதது வேறு ஏதோ. தமிழில் 93 எடுத்திருக்கிறாள், கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. வரலாறு வேண்டும் என்றால் வரலாறு, புவியியல், பொருளியல் என்று போகிற கலைப் பிரிவு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியலோடு வரலாறு சேர்ந்த குரூப்பும் சில பள்ளிகளில் உண்டு. உங்கள் பள்ளியில் இருக்கிறதா என்று விசாரியுங்கள், எல்லாப் பள்ளியிலும் எல்லாக் குரூப்பும் நடத்துவதில்லை.

ஐந்து ரோடு இன்ஜினியர்:

நான் நேராகவே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஃபர்ஸ்ட் குரூப்பில் போடுங்கள். ஃபர்ஸ்ட் குரூப் படித்தவள் நாளைக்கு மனசு மாறி பி.ஏ வரலாறு போகலாம், பி.காம் போகலாம், சட்டம் போகலாம். வரலாறு குரூப் எடுத்தவள் நாளைக்கு இன்ஜினியரிங் வேண்டும் என்றால் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் இல்லாமல் கதவு மூடிவிடும், நீட் பக்கமும் போக முடியாது. 15 வயதில் எதற்காகக் கதவை மூட வேண்டும்? எனக்கும் பள்ளியில் வேதியியல் பிடிக்காது, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினேன். இன்றைக்குச் சம்பளம் வாங்கும்போது அது ஞாபகத்துக்கு வருவதில்லை.

பிடித்தது, பிடிக்காதது எல்லாம் பார்த்தால் எனக்குப் பிடித்தது கிரிக்கெட்.

இருபதாம் வளைவு:

//பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினேன்//

சார், கடிக்கப் பல் இருந்ததால் ஓட்டினீர்கள். நான் ஏற்காடு. அப்பா அம்மா இரண்டு பேரும் காபி எஸ்டேட்டில் வேலை. நான் படிக்கும்போது ஒரு வருடம் ஜூன் முதல் பொங்கல் தாண்டும் வரை எங்களுக்கு இயற்பியல் எடுக்க ஆளே இல்லை. கீழே இருந்து ஒருவர் வருவார் என்பார்கள், வந்தவர் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாற்றல் வாங்கிக்கொண்டு போவார். கடைசியில் பிப்ரவரியில் ஒருவர் வந்து ஆறு வாரத்தில் முழுப் புத்தகத்தையும் முடித்தார். அவரைக் குற்றம் சொல்லவில்லை, பாவம் தொண்டை கட்டிப் போய்விட்டது. எனக்கு இயற்பியல் பிடிக்காமல் போனது இப்படித்தான். பாடத்தை நான் சந்திக்கவே இல்லை, அப்புறம் எங்கே பிடிப்பது?

இத்தனைக்கும் மலையில் இயற்பியல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நாங்கள் ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 95 டிகிரிப் பக்கத்திலேயே கொதித்துவிடும். பார்த்தால் தளதளவென்று கொதிக்கும், உள்ளே பருப்பு அப்படியே கிடக்கும். அடுப்பில் இன்னும் ரெண்டு விறகு வைத்தாலும் 95தான், விறகுதான் வீண். இது அம்மாவுக்கு அனுபவத்தில் தெரியும், கீழே சேலத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனால் பருப்பு சீக்கிரம் குழைந்துவிடுகிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். கொதிநிலை அழுத்தத்தைப் பொறுத்தது என்று ஒரு வரி புத்தகத்தில் இருந்தது, நானும் படித்தேன். அந்த வரி எங்கள் அடுப்பைப் பற்றியது என்று ஒருவரும் சொல்லவில்லை.

பிடித்தது தாவரவியல். அதற்கும் காரணம் ஒரு டீச்சர்தான். தாவரவியலுக்கு எங்களுக்கு ஆள் இருந்தார், அதுவும் உள்ளூரிலேயே வாடகைக்கு இருந்தார். அவர் புத்தகத்தை மூடிவிட்டு எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போவார். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்தால் ஒரு வாரம் பத்து நாளில் காபிச் செடி மொத்தமும் வெள்ளையாகப் பூத்துவிடும், மல்லிகை மாதிரி வாசனை, இரண்டு மூன்று நாளில் கருகிவிடும். அந்த மழைக்கு எஸ்டேட்டில் பூ மழை என்றே பெயர். அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், ஆனால் காஃபியா அராபிகா என்று ஒரு பெயர் இருக்கிறது, நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்குக்குக் கிரிவில்லியா ரொபஸ்டா, அதில் ஏறுகிற மிளகுக்குப் பைப்பர் நைக்ரம் என்று தெரிந்தபோது, தினமும் பார்க்கிற ஆட்களுக்கு ஆதார் அட்டை கிடைத்த மாதிரி இருந்தது. செய்முறை வகுப்பில் தண்டை பிளேடால் மெல்லியதாகச் சீவி, சாஃப்ரனின் என்கிற சாயம் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் வைத்தால் சிவப்புச் சிவப்பாக வளையம் வளையமாகத் தெரியும். விரலும் சிவப்பாகத்தான் இருக்கும், பாதி சாயம், பாதி பிளேடு.

இப்போது ஒரு சின்ன நர்சரி வைத்திருக்கிறேன். மே மாதக் கோடை விழாவுக்கு வருகிறவர்கள் வாங்குகிற செடிதான் வருடத்தில் பாதி வருமானம். இன்ஜினியர் சார் சம்பளம் வராது. கதவு திறந்திருக்க வேண்டும் என்கிறீர்கள், சரி. ஆனால் இரண்டு வருடம் பிடிக்காத வீட்டுக்குள் உட்கார்ந்து மதிப்பெண் குறைந்தால், திறந்திருக்கிற கதவு வழியாகப் போகத் தகுதி இருக்குமா என்றும் பார்க்க வேண்டும்.

ஐந்து ரோடு இன்ஜினியர்:

அது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பெண்ணுக்குக் கணக்கில் 94 இருக்கிறது, உங்களுக்கு ஆசிரியரே இல்லை. இரண்டும் ஒன்றல்ல. நர்சரி எங்கே என்று சொல்லுங்கள், அடுத்த முறை வரும்போது வருகிறேன்.

இருபதாம் வளைவு:

ஒண்டிக்கடை ரவுண்டானாவில் வந்து கேளுங்கள், காட்டுவார்கள்.

ஓய்வு பெற்ற வாத்தியார்:

முப்பது வருடம் சமூக அறிவியல் எடுத்தவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். எங்கள் பாடத்துக்குக் கால அட்டவணையில் கிடைப்பது மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் பீரியட், இல்லாவிட்டால் கடைசிப் பீரியட். ஒன்றில் பிள்ளைகள் தூங்கும், இன்னொன்றில் பையை மூடிவிட்டு மணிக்காகக் காத்திருக்கும். ஜனவரி வந்துவிட்டால் அதையும் அறிவியல்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் தாண்டி ஒரு பிள்ளை 98 எடுத்துவிட்டு வரலாறுதான் வேண்டும் என்கிறது, கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் செவ்வாய்ப்பேட்டைத் தம்பி ஒன்றை மறந்துவிட்டார். சமூக அறிவியல் என்பது நான்கு பாடம். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல். அதில் எது பிடிக்கிறது என்று கேளுங்கள். காலக்கோட்டில் வருடம் குறிக்கப் பிடிப்பது ஒரு ரகம், வரைபடத்தில் மலையையும் துறைமுகத்தையும் குறிக்கப் பிடிப்பது இன்னொரு ரகம். இரண்டும் ஒரே பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை.

சேலத்தை மட்டும் வைத்தே நான் அரை வருடப் பாடம் நடத்துவேன். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் சேலமும் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) உண்டு. 1917இல் ராஜாஜி இங்கே நகராட்சித் தலைவர். 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய விஜயராகவாச்சாரியார் நம் ஊர் வக்கீல். 1944 ஆகஸ்ட் 27, நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது சேலத்தில். இந்த நான்கு வருடத்தையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, இதில் உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ எதைப் பார்த்திருக்கலாம், வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள் என்பேன். மறுநாள் வகுப்பில் ஒருத்தரும் தூங்கமாட்டார்கள், கடைசிப் பீரியடாக இருந்தாலும்.

பாடங்களுக்கு நடுவில் இப்படிச் சுவர் எழுப்பியதே நாம்தான். மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறதே, அந்த வெள்ளை மலையைப் பார்த்து வெள்ளைக்காரன் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்தான். அது சாக்கே இல்லை, மக்னீசியம் கார்பனேட். ஒரு வருடம் வேதியியல் சாரைக் கூட்டிக்கொண்டு வந்து அந்தக் கல்லின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டோம், நுரை வரும் என்று சொல்லி வைத்திருந்தோம், வரவில்லை. பிள்ளைகள் சிரிக்கிறார்கள், எனக்கு மானம் போகிறது. பிறகு கல்லைப் பொடித்துச் சூடாக்கியதும் பொங்கிக்கொண்டு வந்தது. சுண்ணாம்புக்கல் என்றால் சும்மா விட்டாலே பொங்கும், இது அடம் பிடிக்கும், அதை வைத்தே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம் என்றார் அவர். அந்தக் கல்லைச் சுட்டால் கிடைக்கிற மக்னீசியா 2800 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதனால்தான் எஃகு உலைக்குள் பதிக்கிற செங்கல்லுக்குப் போகிறது. இப்போது சொல்லுங்கள், இது வேதியியலா, புவியியலா, வரலாறா?

பிழைப்பைப் பற்றிக் கவலை என்றால், சட்டம் படிக்க சேலத்திலேயே கல்லூரி இருக்கிறது, எந்த குரூப்பில் இருந்தும் போகலாம். டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கு. வரலாறு படித்த எத்தனையோ பிள்ளைகள் அந்த 25இல்தான் வழுக்கி விழுகிறார்கள். உங்கள் மகள் விழமாட்டாள். 94 எங்கேயும் ஓடிப்போகாது தம்பி.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக உட்கார்ந்து படித்தேன், மகளையும் படிக்க வைத்தேன். கிழங்குத் தம்பியின் கூடைக் கதையை இரண்டு முறை படித்துவிட்டு, ஏன்ப்பா அந்த ஆலைக்காரனை யாரும் கேட்கவில்லை என்று எனக்கு முன்னால் கோபப்படுகிறாள். டீச்சரம்மா சொன்ன அலகிடுதலைக் கேட்டேன். பேனாவை எடுத்து, வெள்ளி வாங்கின ரசீதின் பின்பக்கம் கடகடவென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அதனால் கேட்டுவிட்டேன், அப்போது கணக்கில் எதுதான் கண்ணு பிடிக்கவில்லை என்று.

ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாள். ஒன்பதாவதிலிருந்து கணக்கு வகுப்பில் இவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டுப் போடச் சொல்வார்களாம். போட்டு முடித்ததும், முட்டி போட்டு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்து, இவளும் உங்களைப் போலத்தானே சோறு திங்கிறாள், இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பார்களாம். அந்த முட்டி போட்ட பிள்ளைகளில் ஒருத்தி ஆறாவதிலிருந்து இவள் பக்கத்திலேயே உட்கார்ந்தவள். எங்கள் வீட்டுக்கு வந்து தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டுப் போவாள், நானே பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அந்தப் பிள்ளை பையை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விட்டதாம். அதற்கப்புறம் பேசவில்லையாம். வரலாற்று வகுப்பில் யாரையும் கரும்பலகைக்குக் கூப்பிடுவதில்லைப்பா என்கிறாள்.

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பொடி வைத்துப் பற்ற வைக்கிற வேலை ஒன்று பாதியில் இருந்தது, அதைச் செய்யப் போய்விட்டேன். 94 என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது இவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் ஒரு மாதிரியாக இருக்கிறது.

இப்போதைக்கு நிலவரம் இது. எங்கள் பள்ளியில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், வரலாறு குரூப் இருக்கிறதாம். முதல் விருப்பம் அது, இரண்டாவது ஃபர்ஸ்ட் குரூப் என்று எழுதி வைத்திருக்கிறாள். என் மனைவிக்கு வரிசை தலைகீழாக இருக்க வேண்டும், இன்னும் சமாதானம் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது.

பதினொன்னு பி:

அங்கிள், அந்தப் பின்வரிசைக்குப் போன பொண்ணு பாஸா? எந்த குரூப் எடுக்கிறாள்?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

கேட்கவில்லை தம்பி. இவளுக்கும் தெரியவில்லை. அவர்கள் வீடு குகை என்கிற ஏரியாப் பக்கம்தான், நாளைக்குச் சங்கிலி கொடுக்க அந்த வழியாகத்தான் போகிறேன். இவளையும் வண்டியில் ஏறச் சொல்லிப் பார்க்கிறேன்.